சென்னையும் ஒரு டெல்லிதான்

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டம் போன மாதம் நடந்தது. கழிப்பறைக் கதவு, குடிநீர்த் தொட்டி, ஆண்டு விழாவுக்கு மைக் செட் என்று வழக்கமான சங்கதிகள் முடிந்த பிறகு, ஐந்தாம் வகுப்பு ஆசிரியை தயங்கித் தயங்கி ஒரு கையேட்டை மேசையில் வைத்தார். இருபது பக்கம் இருக்கும். ஸ்டேப்ளர் அடித்தது. எங்கள் ஊர் ஏரி, அதன் மதகு, கலிங்கு, எந்தத் தெருத் தண்ணீர் எந்த வாய்க்காலில் விழுகிறது, எந்த வருஷம் கரை உடைந்தது என்று பிள்ளைகளே பெரியவர்களிடம் கேட்டு எழுதி, படமும் வரைந்தது. ஏரிக்கரைப் பனைமரங்களை ஒரு பெண் வரிசை தவறாமல் எண்ணி வரைந்திருந்தாள். வெட்டிய மரங்களுக்கு வெறும் வட்டம். நீர்வளம் பற்றிய பாடத்துக்கு இதையே வைத்துக்கொள்ளலாமா, நகல் எடுக்கக் குழு கொஞ்சம் பணம் தருமா என்றுதான் அந்த ஆசிரியை கேட்டார்.

அதற்குள் ஒருவர் எழுந்துவிட்டார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. நல்ல மனிதர், ஊரில் யார் கேட்டாலும் மனு எழுதித் தருபவர். "டீச்சர், புஸ்தகம் எதுன்னு மேல இருக்கறவங்க முடிவு பண்ணியாச்சு. ஆளாளுக்கு ஒரு புஸ்தகம்னு ஆரம்பிச்சா ஏழைப் புள்ளைக்கு ஒண்ணு, பணக்காரப் புள்ளைக்கு ஒண்ணுன்னு ஆயிடும். சமத்துவம்னு ஒண்ணு இருக்கில்ல?" என்றார். கூட்டம் தலையாட்டியது. தலைமை ஆசிரியர் நிம்மதியாக மூச்சு விட்டார். ஆசிரியை கையேட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த வங்கி அதிகாரியைக் குறை சொல்லி என்ன பயன்? படித்தவர், படிக்காதவர், கட்சிக்காரர், கட்சி பிடிக்காதவர் என்று தமிழ்நாட்டில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் சங்கதி இது. மாநிலம் முழுக்க ஒரே புத்தகம் என்றால் சமத்துவம் வந்துவிடும். அந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் அறிவு சென்னையில் பள்ளிக் கல்வித் துறையின் டிபிஐ வளாகத்தில் மட்டுமே விளையும். உள்ளூர் ஆசிரியருக்கு எமிஸ் தளத்தில் ஏற்றத் தெரியும், முட்டைக் கணக்கு எழுதத் தெரியும், வாக்காளர் பட்டியல் திருத்தத் தெரியும், தேர்தல் அன்று ஒரு வாக்குச்சாவடியையே நடத்தத் தெரியும். ஒரு புத்தகம் தன் வகுப்புக்கு ஆகுமா ஆகாதா என்பது மட்டும் தெரியாது. அதிசயப் பிறவிகள்!

சரி, மேலே இருக்கிறவர்களின் லட்சணத்தைப் பார்ப்போம். 2011 ஞாபகம் இருக்கிறதா?

2010-இல் ஒன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும், மாநிலம் முழுக்க ஒரே பாடம் என்ற சமச்சீர் கல்வி தொடங்கியது. மறு ஆண்டு பத்தாம் வகுப்புவரை போக வேண்டும். ஏறக்குறைய 200 கோடி ரூபாய் செலவில் புத்தகங்கள் அச்சாகிவிட்டன. 2011 மே மாதம் ஆட்சி மாறியது. புதிய அமைச்சரவையின் முதல் வேலைகளில் ஒன்று, புத்தகம் தரமில்லை என்று அதை நிறுத்தியது. பள்ளி திறப்பு ஜூன் 1-லிருந்து 15-க்குத் தள்ளிப்போனது. சட்டசபையில் அவசரத் திருத்தம், உயர் நீதிமன்றத்தில் வழக்கு, உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு, தலைமைச் செயலாளர் தலைமையில் நிபுணர் குழு, மறுபடி உயர் நீதிமன்றம், மறுபடி உச்ச நீதிமன்றம். ஆகஸ்ட் 9 அன்று, பத்து நாளைக்குள் புத்தகத்தைக் கொடுங்கள் என்று தீர்ப்பு வந்தது. அதுவரை பொதுத்தேர்வு எழுத வேண்டிய பத்தாம் வகுப்புப் பிள்ளை உட்பட லட்சக்கணக்கான பிள்ளைகள் புத்தகமே இல்லாமல் பள்ளிக்குப் போய்த் திரும்பினார்கள். ஆசிரியர்கள் பழைய பாடத்தை நடத்துவதா புதியதை நடத்துவதா என்று தெரியாமல் கதை சொல்லியும் விளையாட விட்டும் பொழுதை ஓட்டினார்கள்.

வந்த புத்தகமாவது முழுதாக வந்ததா? கருணாநிதி எழுதிய செம்மொழி மாநாட்டுப் பாடல், அவரைப் பற்றிய குறிப்புகள் எல்லாம் ஸ்டிக்கர் ஒட்டியும் மை பூசியும் மறைக்கப்பட்டிருந்தன. என் அண்ணன் மகள் அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அடியில் என்ன இருக்கிறது என்று படிக்கப் பார்த்தாள். அந்த ஆண்டு பாடநூலில் அவள் ஆசையாகப் படித்த பக்கம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு கிராமத்துத் தலைமை ஆசிரியர் கட்சிக் காழ்ப்பில் இரண்டு மாதம் புத்தகத்தைப் பூட்டி வைத்திருந்தால், பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், மறுநாளே சஸ்பெண்ட் ஆகியிருப்பார். மேலே இருக்கிறவர்கள் செய்தால் அது கொள்கை முடிவு. உள்ளூரிடம் விட்டால் அரசியல் புகுந்துவிடும் என்கிறீர்களே, 2011-இல் புகுந்தது என்னவாம், காற்றா? அன்று பள்ளிக்கொரு தேர்வு இருந்திருந்தால் எந்த அமைச்சரவையாலும் மாநிலத்தின் எல்லாப் பைகளையும் ஒரே நாளில் காலி செய்திருக்க முடியாது. முடிவு ஒரே அறையில் இருந்ததால்தான் அந்த அறைக்கு யார் வந்தார்களோ அவர்கள் வைத்தது சட்டமாயிற்று.

தப்பும் அப்படித்தான். 2019-இல் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் சமஸ்கிருதத்தின் வயது கி.மு. 2000, தமிழின் வயது கி.மு. 300 என்று அச்சாகியிருந்தது. டெல்லியில் போட்ட புத்தகமல்ல. செம்மொழி என்று மாநாடு கூட்டிய மாநிலத்தின் சொந்தப் பாடநூல், அதுவும் தமிழின் செம்மொழித் தகுதியைப் பற்றிய பாடத்தில்! திருத்துவோம் என்று அமைச்சர் சொன்னார், நல்லது. அதே ஆண்டு தமிழ்ப் பாடநூல் அட்டையில் பாரதியாருக்குக் காவித் தலைப்பாகை. அதற்கு ஒரு வாரம் கூச்சல். ஒரு பள்ளி தேர்ந்தெடுத்த புத்தகத்தில் தப்பு இருந்தால் பக்கத்துப் பள்ளி அதைப் பார்த்துச் சிரிக்கும், அடுத்த ஆண்டு கைவிடப்படும். ஒரே புத்தகத்தில் தப்பு இருந்தால் மாநிலமே அதை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதும். சரியாக எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் போகும்.

இப்போது அந்தச் சமத்துவம். சமச்சீர் கல்விக்கு அடிப்படை போட்ட முத்துக்குமரன் குழு 109 பரிந்துரைகள் தந்தது. தாய்மொழிவழிக் கல்வி, போதிய ஆசிரியர், வகுப்பறை, கட்டமைப்பு என்று பலவும் அதில் உண்டு. அரசு ஆசையாகத் தூக்கிக்கொண்டது பொதுப் பாடத்திட்டத்தையும் பொதுப் புத்தகத்தையும். காரணம் எளிது. அந்தப் பட்டியலில் ஆகக் குறைந்த செலவில் முடிவது அச்சடிப்பதுதான். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்பது அப்படியே இருக்கட்டும், ஆய்வகம் பூட்டியே கிடக்கட்டும், அட்டை ஒரே நிறத்தில் இருந்தால் போதும், சமத்துவம் வந்தாயிற்று.

பணக்காரப் பிள்ளை என்ன செய்தான்? ஒரே புத்தகம் என்று சட்டம் வந்ததும் பல மெட்ரிக் பள்ளிகள் பலகையைக் கழற்றிவிட்டு சிபிஎஸ்இ ஆயின. அங்கே தொடக்க வகுப்புகளில் தனியார் பதிப்பகத்தின் புத்தகம், பயிற்சி நோட்டு, படக்கதை என்று எதை வேண்டுமானாலும் நிர்வாகம் தேர்ந்தெடுக்கலாம்.   ஆக, புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தமிழ்நாட்டில் ஒழிந்துவிடவில்லை. காசு உள்ளவனிடம் பத்திரமாக இருக்கிறது. ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு மட்டும்தான் மறுக்கப்பட்டிருக்கிறது. இதற்குப் பெயர் சமத்துவம் என்றால் நான் சொல்ல ஒன்றுமில்லை. ரேஷன் கடையில்கூடப் பச்சரிசியா புழுங்கலா என்று கேட்கிறார்கள், ஐயா.

ஒரே புத்தகத்தால் கொழுத்தவர்கள் இன்னொரு கூட்டம், கைடு போடுகிறவர்கள். மாநிலம் முழுக்க ஒரே பாடம், ஒரே புக் பேக் கேள்வி என்றால் ஒரே கைடு லட்சக்கணக்கில் விற்கும். பிள்ளை பாடநூலைத் திறப்பதே இல்லை. ஒன் வேர்டை உருப்போடு, ஐந்து மதிப்பெண் கேள்வியில் இத்தனையை விடு, புளூபிரிண்ட் இப்படி. ஒரு வகுப்புக்குப் பத்து நல்ல புத்தகங்கள் புழங்கினால் பரீட்சைக்காரரும் புத்தகத்தை விட்டுப் பாடத்திலிருந்து கேள்வி கேட்கப் பழக வேண்டியிருக்கும். யாருக்கு வேண்டும் அந்தத் தலைவலி? மனப்பாடத்தை வளர்த்துவிட்டு, பிறகு நீட் தேர்வில் நம் பிள்ளைகள் திணறுகிறார்கள் என்று ஆளுக்கொரு அறிக்கை விடுவது. நீட் அநியாயம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த அநியாயத்துக்குப் பின்னால் நம்முடைய புக் பேக்கை ஒளித்துவைக்க வேண்டாம்.

டெல்லி என்றதும் நமக்கு ரத்தம் கொதிக்கிறது. கொதிக்கத்தான் வேண்டும். 1976-இல் 42-ஆம் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு இழுத்துக்கொண்டு போனதை இன்றுவரை நாம் மறக்கவில்லை. என்சிஇஆர்டி 2023-இல் பத்தாம் வகுப்பிலிருந்து பரிணாமக் கொள்கையைத் தூக்கியது. பன்னிரண்டாம் வகுப்பில் முகலாயர் பாடத்திலும் குஜராத் கலவரப் பகுதியிலும் கத்தரி வைத்தது. பாடநூல் ஆலோசகர்களாக இருந்த யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்ஷிகரும் எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள் என்றார்கள். பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடாததற்காகத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. எங்கள் பிள்ளை எதைப் படிக்க வேண்டும் என்று சொல்ல நீ யார் என்று கேட்டோம். நியாயமான கேள்வி.

அதே கேள்வியை உதகையில் ஒரு ஆசிரியர் சென்னையைப் பார்த்துக் கேட்டால்? ராமேசுவரத்தில் கடலுக்குப் போகும் அப்பாவின் பிள்ளைக்குப் பாடம் சொல்கிறவர் கேட்டால்? அப்போது மட்டும் அது ஒழுங்கீனம். மாநில சுயாட்சி என்றால் அதிகாரம் டெல்லியிலிருந்து புறப்பட்டு, டிபிஐ இருக்கும் கல்லூரிச் சாலைவரை வந்து நின்றுவிட வேண்டும் என்பது எந்தச் சாஸ்திரம்? இலங்கையில் எல்லாப் பாடநூலையும் அரசே போடுகிறது. வரலாற்றுப் புத்தகத்தில் தங்களுக்குரிய இடம் இல்லை என்று அங்குள்ள தமிழர்கள் பல்லாண்டாகச் சொல்லும்போது நாம் கொழும்பைத்தான் திட்டுகிறோம். சரியாகத்தான் திட்டுகிறோம். நம் ஊரில் இருளர் பிள்ளையும் படுகர் பிள்ளையும் அதையே சொன்னால் யாரைத் திட்டுவது?

அரசியல் சட்டத்தின் 73-ஆம் திருத்தம் ஊராட்சிகளுக்கென ஒரு அட்டவணை தந்தது. பதினோராம் அட்டவணை. அதில் 17-ஆவது இனம் தொடக்க, இடைநிலைப் பள்ளிகள் உள்ளிட்ட கல்வி. நம் பள்ளிகளின் பெயர்ப் பலகையில் ஊராட்சி ஒன்றியம் என்றே எழுதியிருக்கிறது. 1981-இல் அந்த ஆசிரியர்கள் மாநில அரசு ஊழியர்கள் ஆனார்கள். அது ஆசிரியர்களுக்கு நல்லதே, சம்பளம் ஒழுங்காக வந்தது. ஒன்றியத்துக்கு மிஞ்சியது பலகையும் சுண்ணாம்படிப்பதும். பழங்காலத்தில் எல்லாம் அராஜகமாக இருந்தது என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். 1970-இல் பாடநூல் நிறுவனம் வருவதற்கு முன், தனியார் பதிப்பகங்கள் எழுதிய புத்தகங்களை டெக்ஸ்ட் புக் கமிட்டி பார்த்து ஒப்புதல் தரும். அந்தப் பட்டியலிலிருந்து பள்ளிகள் எடுத்துக்கொள்ளும். அப்படிப் படித்தவர்கள்தான் இன்று எண்பது வயதில், "எங்க காலத்துப் படிப்பு மாதிரி வருமா" என்று நம் உயிரை வாங்குகிறார்கள்.

உள்ளூரிடம் விட்டால் சாதிக்காரர்கள் புத்தகத்தைக் கைப்பற்றிவிடுவார்கள் என்று ஒரு பூச்சாண்டி உண்டு. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடைக்காக நடத்திய போராட்டம் சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் இருந்தது. அந்தச் சமூகத்தை இழிவாக எழுதியிருக்கிறார்கள் என்று 2012-இல் எதிர்ப்பு கிளம்பியது, நம் பெரிய கட்சிகளும் நீக்கச் சொல்லிக் குரல் கொடுத்தன. தப்பாக எழுதியிருந்தால் திருத்தி எழுதலாம். 2016 முடிவில் அந்தப் பகுதியையே பாடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நாடெங்கும் ஒரே நாளில் போயிற்று, அந்தப் பெண்களின் போராட்டமும் சேர்ந்து. எந்த ஊர்ப் பஞ்சாயத்தால் இதைச் சாதித்திருக்க முடியும்? ஒரே கதவு இருந்தால் தட்டுகிறவனுக்குத்தான் சௌகரியம். 2011-இலும் அந்த ஒரு கதவைத்தான் சாத்தினார்கள்.

உள்ளூருக்குத் தெரியாது என்பவர்கள் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்குப் போய்க் கேட்கட்டும். 2003-இல் ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளி செய்துவந்ததைப் பார்த்து எடுத்துக்கொண்ட யோசனை. பாடநூலை ஒதுக்கிவிட்டு, பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாக மாநகராட்சி ஆசிரியர்களே பிரித்து எழுதினார்கள். சுவரில் ஏணிப்படி, அட்டையில் படச்சின்னம், பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, தரையில் பாய், ஆசிரியரும் தரையில். பிள்ளை தன் படியைத் தானே பார்த்து, தன் அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். ஓர் உள்ளாட்சி தன் பிள்ளைகளுக்கான பாடப்பொருளைத் தானே முடிவு செய்தது. வானம் இடிந்து விழவில்லை. வெளிமாநிலங்களிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு நடந்ததுதான் நம் ஊர் வழக்கம். நன்றாக இருக்கிறதே என்று 2007-08-இல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அதே அட்டை, அதே ஏணி, அதே பாய் என்று உத்தரவு பறந்தது. உத்தரவு போட்டவர்களுக்குப் பிடித்துப்போனது அட்டை. அட்டையை ஆசிரியர்கள் உட்கார்ந்து எழுதினார்களே, அது பிடிபடவில்லை. எழுதியவருக்கு அது தன் வேலை, பார்சலில் வந்ததைப் பிரித்தவருக்கு அது இன்னொரு ஸ்டாக் ரிஜிஸ்டர். 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' என்ற அடுத்த திட்டம் வந்தது. பழைய அட்டைகள் பல பள்ளிகளில் பீரோ மேல் ஏறின. அடுத்து எது வரும் என்று சென்னைக்கே தெரியாது.

ஜப்பானில் பாடநூல்களைக் கல்வி அமைச்சகம் பார்த்து ஒப்புதல் தரும். அவற்றில் எது என்பதை உள்ளூர்க் கல்வி வாரியங்கள் தேர்ந்தெடுக்கும். ஓகினாவா மாகாணத்தில் தகெதோமி என்று ஒரு சின்னத் தீவூர், மக்கள் தொகை சுமார் 4,000. அதன் வட்டாரக் குழு 2011-இல் (அங்கும் 2011!) தேர்ந்தெடுத்த குடிமையியல் நூல், தங்கள் மாகாணத்தை அழுத்தும் அமெரிக்க ராணுவத் தளங்களைப் பற்றிப் போதுமாகப் பேசவில்லை என்று அந்த ஊர் ஏற்க மறுத்தது. நன்கொடை திரட்டி, ஒப்புதல் பெற்ற வேறொரு நூலைத் தன் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தது. 2014-இல் மத்திய அமைச்சகமே நேரடியாக நோட்டீஸ் விட்டது. ஊர் மசியவில்லை. கடைசியில் அந்த வட்டாரக் குழுவிலிருந்து பிரிந்து தனியாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ள மாகாணம் சம்மதித்தது. நம்மில் ஒருவர் ஏரிப் பாடத்துக்கு நகல் எடுக்கக் காசு கேட்டால் சமத்துவம் கெட்டுவிடும் என்கிறோம்.

நான் கேட்பது புரட்சியும் அல்ல. பிள்ளை என்ன கற்க வேண்டும் என்று மாநிலம் பாடத்திட்டம் வகுக்கட்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவும் பாடத்திட்டத்தையும் மதிப்பீட்டு முறையையும்தான் அரசு குறிக்கும் அமைப்பின் பொறுப்பில் விடுகிறது. மாநிலத்துக்கு ஒரே ஒரு புத்தகம் என்று அதில் இல்லை. 2005-இன் தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் பல பாடநூல்கள் வேண்டும் என்றே சொன்னது. சமச்சீர் சட்டம் செல்லும் என்று 2010 ஏப்ரலில் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றமும், அரசு போட்ட நூல்கள், அரசு ஒப்புதல் தந்த நூல்கள் இரண்டிலிருந்தும் தனியார் பள்ளிகள் தேர்ந்தெடுக்கலாம் என்றது. தனியாருக்குப் பொருந்துவது ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு ஏன் பொருந்தாது?

அரசு தன் புத்தகத்தை இலவசமாகத் தந்துகொண்டே இருக்கட்டும், அதில் கை வைக்க வேண்டாம். அதோடு ஒப்புதல் பெற்ற நூல்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டு, ஒவ்வொரு பாடத்திலும் ஒரு பங்கைப் பள்ளி ஆசிரியர்களும் மேலாண்மைக் குழுவும் முடிவு செய்யட்டும். ஆசிரியர் எழுதிய கையேட்டைப் பார்த்து ஒப்புதல் தர மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன, அவற்றுக்கும் வேலை வேண்டாமா? நீங்கள் ஏதாவது ஒரு பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருந்தால் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். மறுப்பதானால் காரணத்தைச் சொல்லி எழுத்தில் மறுக்கட்டும்.